பைபிளின் ஆண்டுக்கணக்கு: எது எங்கே பொருந்துகிறது?

"உலகம் உண்டாகி 6,000 வருடம்தான் ஆகிறது, பைபிளே சொல்கிறது" என்பார் ஒருவர். "பைபிளில் வரும் வருடக் கணக்கு எதற்குமே ஆதாரம் கிடையாது" என்பார் அடுத்தவர். சபைக் கூடுகைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூப் விவாதங்களிலும் இந்த இரண்டு பேச்சும் ஓயாமல் நடக்கின்றன. இரண்டும் தவறு. உலகின் வயது 6,000 என்று பைபிளின் எந்த வசனத்திலும் எழுதப்படவில்லை. அதேபோல், அசீரியர்களும் பாபிலோனியர்களும் எழுதிவைத்த குறிப்புகளோடு வருடம் பிசகாமல் பொருந்தும் கணக்குகள் பைபிளில் இருக்கவே செய்கின்றன.

'பைபிள் காலவரிசை' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஆதாமின் வயதும் எசேக்கியா ராஜாவின் ஆட்சி ஆண்டும் ஒரே வகை எண்கள் அல்ல. அவற்றைச் சோதிக்கக் கிடைக்கும் சான்றுகளும் ஒன்றல்ல. விசுவாசிக்கும் சரி, விசுவாசம் இல்லாதவருக்கும் சரி, இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். பெயர்களைப் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

## 6,000 எங்கிருந்து வந்தது?

பைபிளில் இருப்பவை வயதுகளும் ஆட்சிக் காலங்களும்தான். ஆதியாகமம் 5-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாமுக்கு 130 வயதாகும்போது சேத் பிறக்கிறான். சேத்துக்கு 105 வயதில் ஏனோஸ், ஏனோசுக்கு 90 வயதில் கேனான் என்று வரிசை போகிறது. நோவாவுக்கு 600 வயதாகும்போது ஜலப்பிரளயம் வருகிறது. இவற்றைக் கூட்டினால் ஆதாம் முதல் பிரளயம் வரை 1,656 ஆண்டுகள். 11-ம் அதிகாரம் சேம் முதல் ஆபிரகாம் வரை இதே பாணியில் எண் தருகிறது. அதன்பின் எகிப்து வாசத்துக்கு 430 ஆண்டுகள், எகிப்தைவிட்டுப் புறப்பட்டதிலிருந்து சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கியது வரை 480 ஆண்டுகள், அதற்கப்புறம் ராஜாக்களின் ஆட்சி ஆண்டுகள்.

இதையெல்லாம் கோத்து, கடைசிக் கண்ணியைப் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் மரணத்தோடு இணைத்தவர் ஜேம்ஸ் அஷர். அயர்லாந்தின் அர்மா நகரப் பேராயர். 1650-ல் வெளியிட்ட நூலில், படைப்பு கி.மு. 4004 அக்டோபர் 23-ஐ ஒட்டி நிகழ்ந்தது, பிரளயம் கி.மு. 2348-ல் வந்தது என்று கணித்தார். 1701 முதல் ஆங்கில பைபிள்களின் ஓரக்குறிப்பில் அவருடைய ஆண்டுகள் அச்சாகத் தொடங்கின. ஓரத்தில் இருந்ததை வேதவசனமாகவே எடுத்துக்கொண்டு பல தலைமுறைகள் வளர்ந்தன. அஷரை அறிவிலி என்று ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கல்வெட்டுகள் படிக்கப்படாத, மண்ணடுக்குகள் ஆராயப்படாத காலத்தில், கையில் கிடைத்த எபிரெய, கிரேக்க, லத்தீன் ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டு உழைத்தவர் அவர்.

ஆனால் அவர் கூட்டிய எண்களே எல்லா ஏடுகளிலும் ஒன்றாக இல்லை. ஆதாம் முதல் பிரளயம் வரை எபிரெய மூலத்தில் 1,656 ஆண்டுகள். செப்துவஜிந்து எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 2,242. சமாரியர்களின் ஏட்டில் 1,307. எபிரெய ஏட்டைப் பின்பற்றும் யூத நாட்காட்டி படைப்பைக் கி.மு. 3761-ல் வைக்கிறது, கிரேக்க வழிவந்த பைசாந்தியக் கணக்கு கி.மு. 5509-ல் வைக்கிறது.

இந்த வித்தியாசத்தை ஒருவரை வைத்தே பார்த்துவிடலாம். மெத்தூசலா 969 ஆண்டுகள் வாழ்ந்தார் என்கிறது ஆதியாகமம். எபிரெய மூலத்தின்படி அவருக்கு 187 வயதில் லாமேக்கு பிறக்கிறார். லாமேக்குக்கு 182 வயதில் நோவா பிறக்கிறார். நோவாவுக்கு 600 வயதில் பிரளயம். மூன்றையும் கூட்டினால் 969. ஆக, பிரளயம் வந்த அதே ஆண்டில் மெத்தூசலா இறக்கிறார். கிரேக்க ஏட்டின் பழைய பிரதிகளில் இதே எண்கள் 167, 188, 600. கூட்டினால் 955. அப்படியானால் பேழைக்குள் போகாத மெத்தூசலா பிரளயத்துக்குப் பின்னும் 14 ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். 5-ம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீனார் இந்தச் சிக்கலை எடுத்துப் பேசியிருக்கிறார். விஞ்ஞானம் வந்து கிளப்பிய கேள்வி அல்ல இது. ஏடுகளுக்கு உள்ளேயே இருந்த கேள்வி.

இதுவரை பார்த்தது: 6,000 என்பது மனிதர்கள் கூட்டிப் பெற்ற விடை. எந்த ஏட்டைக் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மாறுகிறது.

## இரண்டு வகைக் காலக்கணிப்பு

ராமநாதபுரத்துப் பாட்டி ஒருவரிடம் குடும்பக் கதை கேட்டால் இப்படிச் சொல்வார்: "உங்க பெரியப்பன் பிறந்து மூணு வருஷம் கழிச்சு உங்கப்பன் பிறந்தான். அவன் கைக்குழந்தையா இருக்கும்போதுதான் தனுஷ்கோடிப் புயல்." முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு அப்பா பிறந்த ஆண்டைச் சொல்ல முடியாது. யாருக்குப் பின் யார், எத்தனை வருடம் கழித்து என்பது மட்டுமே தெரியும். இதற்குச் சார்புக் காலக்கணிப்பு என்று பெயர். புயல் வந்தது 1964 டிசம்பர் என்பது வெளியே தனியாகப் பதிவாகியிருக்கிறது. அதை இணைத்ததும் அப்பாவின் ஆண்டும் பெரியப்பாவின் ஆண்டும் தெரிந்துவிடுகின்றன. இது முழுமைக் காலக்கணிப்பு. புயல்போல, இரண்டையும் இணைக்கும் நிகழ்வை நிலைப்புள்ளி என்று சொல்வோம்.

பாட்டியின் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "அப்ப அவனுக்கு ரெண்டு வயசு" என்றால் இரண்டு முடிந்ததா, இரண்டு நடக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் ஒவ்வொருவர் கணக்கிலும் ஒரு வருடம் கூடும், குறையும். பைபிளின் ராஜாக்கள் கணக்கில் இதே சிக்கல்தான் அறிஞர்களைப் பல காலம் திணறடித்தது.

## அசீரியாவில் இருண்ட சூரியன்

இஸ்ரவேலின் ராஜாக்களுக்கு நிலைப்புள்ளி கிடைத்தது அசீரியாவிலிருந்து. அசீரியர்கள் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் உயரதிகாரியின் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயர்களை வரிசையாகக் களிமண் பலகைகளில் எழுதிவைத்தார்கள். கி.மு. 10-ம் நூற்றாண்டின் இறுதி முதல் 7-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்தப் பட்டியல் தொடர்ச்சியாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் பட்டியல் மட்டும் இருந்தால் அதுவும் பாட்டியின் முதல் வாக்கியம்தான்.

குசானா ஊரைச் சேர்ந்த பூர்-சகாலே என்பவர் பெயரிலான ஆண்டுக்கு எதிரே ஒரு குறிப்பு இருக்கிறது. சிமானு மாதத்தில் சூரிய கிரகணம் ஏற்பட்டது என்கிறது அது. சூரியன், பூமி, நிலா ஆகியவற்றின் இயக்கத்தைக் கொண்டு பழைய கிரகணங்களின் நாளைப் பின்னோக்கிக் கணக்கிட முடியும். அந்தக் காலத்தில், அந்தப் பகுதியில், அந்த மாதத்தில் பொருந்தும் கிரகணம் கி.மு. 763 ஜூன் 15-ல் நிகழ்ந்தது. 1867-ல் ஹென்றி ராலின்சன் இந்தத் தொடர்பை வெளியிட்டார். ஒரு பெயருக்கு ஆண்டு கிடைத்ததும் மேலும் கீழும் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் ஆண்டு கிடைத்துவிட்டது.

## ஆகாபும் யெகூவும்: ஒரு கணக்கைக் கிட்டே போய்ப் பார்ப்போம்

1861-ல் இன்றைய துருக்கியின் கூர்க் என்னுமிடத்தில் அசீரிய ராஜா மூன்றாம் சல்மனேசரின் கல்தூண் ஒன்று கிடைத்தது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தயான்-அசூர் என்பவர் பெயரிலான ஆண்டில், கர்கர் என்ற இடத்தில் தன்னை எதிர்த்து நின்ற கூட்டணியை அதில் பட்டியலிடுகிறான் சல்மனேசர். அதில் ஒரு வரி, "இஸ்ரவேலன் ஆகாப், 2,000 ரதங்கள், 10,000 வீரர்கள்" என்ற பொருளில் வருகிறது. பட்டியலில் எண்ணிப் பார்த்தால் அது கி.மு. 853. அந்தப் போரைப் பற்றி பைபிள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அதே சல்மனேசரின் கறுப்புக் கல்தூண் ஒன்றை 1846-ல் ஆஸ்டின் ஹென்றி லேயார்ட் நிம்ருதில் தோண்டியெடுத்தார். தரையில் முகம்பட விழுந்து ஒருவர் கப்பம் கட்டும் சிற்பமும், யெகூவின் பெயரும் அதில் உள்ளன. யெகூ கப்பம் கட்டியது சல்மனேசரின் 18-ம் ஆட்சி ஆண்டில், அதாவது கி.மு. 841-ல்.

ஆகாப் உயிரோடு இருந்த 853-க்கும் யெகூ ராஜாவாக இருந்த 841-க்கும் நடுவே 12 ஆண்டுகள்தான். இனி பைபிளைத் திறப்போம். ஆகாபுக்குப் பின் அவன் மகன் அகசியா 2 ஆண்டுகள் ஆண்டான். அவனுக்குப் பின் யோராம் 12 ஆண்டுகள் ஆண்டான். யோராமைக் கொன்றுவிட்டு யெகூ வந்தான். 2-ம் 12-ம் 14. இரண்டு ஆண்டுகள் இடிக்கின்றன.

இந்த இடத்தில்தான் 'முடிந்த வயசா, நடக்கிற வயசா' என்ற கேள்வி உதவுகிறது. ஒரு ராஜா ஆண்டின் நடுவில் இறந்தால், மிச்சமுள்ள மாதங்களைப் புது ராஜாவின் முதல் ஆண்டாக எண்ணும் வழக்கம் ஒன்று. அடுத்த புத்தாண்டிலிருந்து எண்ணும் வழக்கம் இன்னொன்று. முதல் வழக்கத்தில் பழைய ராஜாவின் கடைசி ஆண்டும் புது ராஜாவின் முதல் ஆண்டும் ஒரே ஆண்டு. அது இரண்டு முறை எண்ணப்படுகிறது. வட ராஜ்யமான இஸ்ரவேல் அப்போது இப்படித்தான் எண்ணியது என்று எட்வின் தீலே 1951-ல் விரிவாக வாதிட்டார். அப்படியானால் ஒவ்வொரு ராஜாவிலும் ஒன்றைக் கழிக்க வேண்டும். அகசியாவின் 2 ஆண்டு உண்மையில் 1. யோராமின் 12 ஆண்டு உண்மையில் 11. மொத்தம் 12. கர்கர் போர் நடந்த ஆண்டிலேயே ஆகாப் இறந்தான், 841-ல் யெகூ பட்டத்துக்கு வந்தான் என்று கணக்கு கச்சிதமாக உட்காருகிறது.

இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. யெருசலேமில் ஏடு எழுதியவருக்கும் அசீரியாவில் கல் செதுக்கியவருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. இருவரும் சொன்னது ஒரே 12 ஆண்டு.

## பொருந்துவதும் இடிப்பதும் பக்கத்துப் பக்கத்தில்

கி.மு. 9-ம் நூற்றாண்டுக்குப் பிறகு இப்படிப்பட்ட சந்திப்புகள் நிறைய. கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் தென் ராஜ்யமான யூதாவின்மேல் படையெடுத்ததை இரண்டு தரப்பும் எழுதியிருக்கின்றன. யூதாவின் ராஜா எசேக்கியா 30 தாலந்து (பழைய எடை அளவு) பொன் கொடுத்தான் என்கிறது 2 இராஜாக்கள் 18-ம் அதிகாரம். சனகெரிப்பின் களிமண் பட்டகமும் பொன் 30 தாலந்து என்றே சொல்கிறது. வெள்ளியில் மட்டும் பைபிள் 300 என்கிறது, அசீரியன் 800 என்கிறான். 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் யெருசலேமில் அடைத்ததாகவும் சனகெரிப் சொல்கிறான். நகரத்தைப் பிடித்ததாக அவனும் சொல்லவில்லை.

பாபிலோனிய வரலாற்றுப் பலகை ஒன்று, நேபுகாத்நேச்சார் தன் 7-ம் ஆண்டில், ஆதார் மாதம் 2-ம் நாள் 'யூதாவின் நகரத்தை'ப் பிடித்து அதன் ராஜாவைச் சிறைப்பிடித்தான் என்கிறது. நம் கணக்கில் கி.மு. 597 மார்ச் 16. சிறைப்பட்ட யோயாக்கீனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்குப் பலகைகள்கூட பாபிலோனில் கிடைத்திருக்கின்றன.

ஆனால் இந்தக் காலப்பகுதியிலும் முடிச்சுகள் உண்டு. இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா விழுந்தது எசேக்கியாவின் 6-ம் ஆண்டில் என்றும், சனகெரிப் வந்தது 14-ம் ஆண்டில் என்றும் அதே 18-ம் அதிகாரம் சொல்கிறது. இடைவெளி 8 ஆண்டு. வெளிச்சான்றின்படி சமாரியா விழுந்தது கி.மு. 722-ஐ ஒட்டி; சனகெரிப் வந்தது 701. இடைவெளி சுமார் 21 ஆண்டு. தகப்பனோடு சேர்ந்து ஆண்ட காலம், பிரதி எடுத்தவரின் எண் பிழை என்று பல விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. எல்லோரும் ஏற்ற விடை ஒன்றில்லை. பொன் தாலந்து பொருந்துவதை மேடையில் சொல்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சுருக்கமாக: ராஜாக்களின் காலத்தில் பைபிளின் எண்களை அக்கம்பக்கத்து நாடுகளின் பதிவுகளோடு வைத்துச் சரிபார்க்க முடிகிறது. பெரும்பாலும் பொருந்துகின்றன, சில இடங்களில் இடிக்கின்றன.

## கார்பன் எப்படி வயது சொல்கிறது?

எழுத்து இல்லாத இடத்தில் என்ன செய்வது? அங்கேதான் கதிரியக்கக் கார்பன் முறை உதவுகிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் நைட்ரஜன் அணுக்கள் சிலவற்றைக் கார்பன்-14 ஆக மாற்றுகின்றன. செடிகள் அதைக் காற்றோடு எடுத்துக்கொள்கின்றன. செடியைத் தின்னும் உயிர்களுக்கும் அது போய்ச் சேர்கிறது. உயிர் போனதும் புதிதாக உள்ளே வருவது நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் கார்பன்-14 சிதைந்து குறைந்துகொண்டே வருகிறது. 5,730 ஆண்டுகளில் பாதியாகும். இந்தக் கால அளவுக்கு அரை ஆயுட்காலம் என்று பெயர். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் உயிர் போய் எத்தனை காலம் என்று தெரியும். வில்லார்ட் லிப்பி 1940-களின் இறுதியில் உருவாக்கிய இந்த முறைக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது.

காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவாக இருந்ததில்லை. அதனால் வயது நேரடியாகத் தெரிந்த பொருள்களை வைத்து விடையைத் திருத்துகிறார்கள். மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். உயிருள்ள மரம், பழைய வீட்டின் உத்தரம், ஆற்றுமணலில் புதைந்த கட்டை என்று வளையங்களின் அகல வரிசையைப் பொருத்திப் பொருத்தி ஐரோப்பாவில் 12,000 ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ச்சியாக எண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளையத்திலும் கார்பனை அளந்து ஒப்பிடுவதுதான் அளவுத்திருத்தம்.

இந்த முறை பைபிளோடு கைகோத்த இடம் ஒன்று யெருசலேமில் இருக்கிறது. எசேக்கியா நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்தான் என்கிறது 2 இராஜாக்கள் 20:20. பாறையைக் குடைந்த 533 மீட்டர் சுரங்கம் இன்றும் இருக்கிறது. தண்ணீரில் நடந்து போகலாம். 2003-ல் வெளியான ஆய்வு ஒன்றில் அதன் சுவர்ப் பூச்சுக்குள் சிக்கியிருந்த செடித் துணுக்குகளைக் கார்பன் முறையிலும், கூரையில் படிந்து தொங்கும் சுண்ணாம்புப் படிவங்களை யுரேனியம்-தோரியம் என்ற வேறொரு முறையிலும் சோதித்தார்கள். சுரங்கம் கி.மு. 700-ஐ ஒட்டி வெட்டப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார்கள். அதாவது எசேக்கியாவின் காலம்.

## சாலொமோனுக்கு மேலே போகும்போது

காலத்தில் மேலே போகப் போக வெளிச்சான்று மெலிகிறது. 1993-ல் வட இஸ்ரவேலின் தாண் மேட்டில் கிடைத்த கி.மு. 9-ம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டு 'தாவீதின் வீடு' என்று யூதாவின் அரச குலத்தைக் குறிப்பிடுகிறது. தாவீது என்ற முன்னோரை அண்டை நாட்டார் அறிந்திருந்தார்கள் என்பதற்கு வலுவான சான்று அது. ஆனால் தாவீது எந்த ஆண்டில் ஆண்டார் என்று அது சொல்லாது.

சீஷாக் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சாலொமோனின் மகன் ரெகொபெயாமின் 5-ம் ஆண்டில் எகிப்தின் ராஜா சீஷாக் யெருசலேமுக்கு வந்தான் என்கிறது 1 இராஜாக்கள் 14:25. எகிப்தின் கர்னாக் கோயில் சுவரில் முதலாம் ஷோஷெங்க் என்ற அரசனின் படையெடுப்புப் பட்டியல் இருக்கிறது. பைபிளின் சீஷாக் இவன்தான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. "பாருங்கள், எகிப்திய ஆண்டோடு பொருந்துகிறது" என்று பலர் எழுதுகிறார்கள். அந்த எகிப்திய ஆண்டைக் கணிக்கவே பைபிள் கணக்கு பெருமளவு பயன்பட்டது. ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணித்துவிட்டு, பிறகு இரண்டும் பொருந்துகின்றன என்பது சான்றாகாது.

எகிப்திலிருந்து புறப்பட்ட ஆண்டு இன்னும் கடினம். சாலொமோனின் 4-ம் ஆண்டை கி.மு. 966 என்று வைத்து 480-ஐக் கூட்டினால் 1446 வருகிறது. இஸ்ரவேலர் கட்டியதாக யாத்திராகமம் சொல்லும் ராமசேஸ் பட்டணமோ, கி.மு. 13-ம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் ராமசேஸின் பெயரோடு ஒட்டியது. கிரேக்க ஏட்டில் அந்த 480 என்பதே 440 என்று இருக்கிறது. நமக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று: கி.மு. 1208-ஐ ஒட்டிய, எகிப்திய அரசன் மெர்னெப்தாவின் கல்வெட்டு கானான் பகுதியில் 'இஸ்ரவேல்' என்ற மக்கள் இருந்ததைச் சொல்கிறது. அதற்கு முன் அவர்கள் எகிப்தில் இருந்ததைச் சொல்லும் எகிப்தியப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை.

எரிகோவில் 1930-களில் தோண்டிய ஜான் கார்ஸ்டாங், இடிந்த மதில் கி.மு. 1400-ஐ ஒட்டியது, யோசுவாவின் முன் விழுந்ததாக பைபிள் சொல்லும் மதில்தான் என்றார். 1952 முதல் 1958 வரை அதே மேட்டில் தோண்டிய கேத்லீன் கென்யன், பானை ஓடுகளையும் மண்ணடுக்குகளையும் வைத்து அந்த அழிவு கி.மு. 1550-ஐ ஒட்டியது என்று காட்டினார். அழிவில் கருகிய தானியத்தின் கார்பன் சோதனை 1995-ல் வெளியானது. அதுவும் கென்யன் பக்கமே நின்றது. கார்ஸ்டாங்கின் பழைய முடிவை மட்டும் எடுத்து இன்றும் பரப்புகிறார்கள். அது வருத்தத்துக்குரியது. அதே மேட்டின் அடியில் கென்யன் கண்டெடுத்த கல்கோபுரம் கி.மு. 8000-ஐ ஒட்டியது. அஷரின் படைப்பு ஆண்டுக்கு 4,000 ஆண்டு முன்னால் எரிகோவில் மனிதர்கள் கோபுரம் கட்டியிருக்கிறார்கள்.

## கி.மு. 2348-ல் உலகம் முழுக்க வெள்ளமா?

எபிரெய எண்களைக் கூட்டிப் பிரளயத்தை கி.மு. 2348-ல் வைத்தால், எகிப்து குறுக்கே நிற்கிறது. எகிப்திய அரசன் கூஃபுவின் பெரிய பிரமிடு கி.மு. 2560-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. 2013-ல் செங்கடல் கரையில், வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், அந்தப் பிரமிடுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன மேரர் என்ற அதிகாரியின் நாட்குறிப்புகள் பாப்பிரஸ் தாளிலேயே கிடைத்தன. 2348-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எகிப்தில் 5-ம் அரச வம்சம் முடிந்து 6-ம் வம்சம் தொடங்குகிறது. அதே மொழி, அதே எழுத்து, அதே கல்லறை வழக்கம். நோவாவின் குடும்பத்து எட்டுப் பேர் தவிர எல்லோரும் அழிந்து புதிதாகத் தொடங்கிய தடயம் ஏதும் இல்லை. அருங்காட்சியகங்களில் உள்ள எகிப்தியச் செடிப் பொருள்களை வைத்து 2010-ல் வெளியான கார்பன் ஆய்வும் இந்த வம்சங்களின் ஆண்டுகளை உறுதிப்படுத்தியது.

கலிபோர்னியாவின் வெள்ளை மலைத்தொடரில் 4,800 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு நிற்கும் பைன் மரம் ஒன்று உண்டு. அதன் பெயரே மெத்தூசலா. 1957-ல் எட்மண்ட் ஷுல்மன் அதன் வளையங்களை எண்ணினார். அஷரின் பிரளய ஆண்டுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே முளைத்து இன்றுவரை தொடர்ந்து வளர்கிறது அந்த மரம். ஜப்பானின் சுய்கெட்சு ஏரியின் அடியில் ஆண்டுக்கு ஆண்டு படிந்த மெல்லிய மண்படலங்கள் பல பத்தாயிரம் ஆண்டுகளைக் காட்டுகின்றன. உலகையே மூடிய வெள்ளம் வந்திருந்தால் அந்த மெல்லிய அடுக்குகள் கலையாமல் இருந்திருக்காது.

மெசொப்பொத்தாமியாவின் ஆறுகள் பெருகி ஊர்களை மூழ்கடித்ததற்குச் சான்று நிறைய உண்டு. பாபிலோனிய இலக்கியத்திலும் பேழை கட்டித் தப்பிய ஒருவரின் கதை இருக்கிறது. அந்த வெள்ளங்களின் நினைவு இந்தக் கதைகளுக்குப் பின்னால் இருக்கலாம்.

## பூமியின் வயதுக்கு வேறு அளவை

கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் உதவாது. அதற்குள் கார்பன்-14 அநேகமாகத் தீர்ந்துவிடும். பாறைகளுக்கு யுரேனியம். யுரேனியம்-238 சுமார் 447 கோடி ஆண்டுகளில் பாதியாகி, கடைசியில் ஈயமாகிறது. சிர்கான் என்ற கனிமம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஏற்காது. எனவே அதற்குள் உள்ள ஈயம் பின்னால் உண்டானது. ஆஸ்திரேலியாவின் ஜாக் மலையில் 440 கோடி ஆண்டு பழைய சிர்கான் கிடைத்திருக்கிறது. விண்கற்களின் ஈயத்தை அளந்து கிளேர் பேட்டர்சன் 1956-ல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்றார். இன்றைய மதிப்பு 454 கோடி.

## அப்படியானால் ஆதியாகமத்தின் எண்கள் என்ன?

பழைய மேற்காசியாவில் வெள்ளத்துக்கு முந்தைய முன்னோர்களுக்கு மிகப்பெரிய எண்களைக் கொடுப்பது வழக்கமாக இருந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள சுமேரிய அரசர் பட்டியல், வெள்ளத்துக்கு முன் 8 அரசர்கள் 2,41,200 ஆண்டுகள் ஆண்டார்கள் என்கிறது. முதல் அரசன் அலுலிம் 28,800 ஆண்டுகள். 60-ஐ அடிப்படையாகக் கொண்டு எண்ணிய சுமேரியருக்கு 3,600 ஒரு பெரிய அலகு. 28,800 என்பது அதில் எட்டு மடங்கு. வெள்ளத்துக்குப் பின் ஆட்சிக் காலங்கள் படிப்படியாகச் சுருங்குகின்றன. ஆதியாகமத்திலும் வயதுகள் அதேபோலச் சுருங்குகின்றன. 365 நாள் ஆண்டை நினைவூட்டும் விதமாக ஏனோக்கின் ஆயுள் 365. இந்த எண்களுக்குள் மதிப்பும் பொருளும் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்பதே என் வாசிப்பு. பிறப்புச் சான்றிதழ்போல அவற்றைக் கூட்டுவது எழுதியவர்களின் நோக்கத்தையே தவறவிடுகிறது.

வம்சவரிசையில் தலைமுறைகளை விடுவதும் பைபிளுக்குப் புதிதல்ல. மத்தேயு 1:8 "யோராம் உசியாவைப் பெற்றான்" என்கிறது. இவன் யூதாவின் யோராம்; யெகூ கொன்ற இஸ்ரவேலின் யோராம் அல்ல. ராஜாக்கள் புத்தகத்தின்படி இருவருக்கும் நடுவே (யூதாவின்) அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் உண்டு. 'பெற்றான்' என்பது சந்ததியைக் குறிக்கவும் வரும் என்று இதிலிருந்தே தெரிகிறது. 1890-ல் வில்லியம் ஹென்றி கிரீன் என்ற அமெரிக்க வேத அறிஞர், பைபிளின் அதிகாரத்தை முழுமையாக ஏற்றவர், ஆதியாகமத்தின் வம்சவரிசையைக் கொண்டு உலகின் வயதைக் கணிக்கக் கூடாது என்று இதே காரணத்தைக் காட்டி எழுதினார்.

## "கார்பன் சோதனையே பொய்" என்பவர்களுக்கு

உயிரோடு இருந்த நத்தையின் ஓட்டுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு வயது வந்தது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. செய்தி உண்மை, விஞ்ஞானிகளே அதை வெளியிட்டார்கள். காரணத்தையும் அவர்களே சொன்னார்கள். சுண்ணாம்புப் பாறை கரைந்த தண்ணீரில் கார்பன்-14 தீர்ந்துபோன பழைய கார்பன் இருக்கும். அதில் வாழும் நத்தை அந்தக் கார்பனைக் கொண்டே ஓடு கட்டுகிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் கிளிஞ்சலைவிட விதையையும் தானியத்தையும் தேடுகிறார்கள். அவை காற்றிலிருந்து கார்பனை எடுத்தவை, ஓராண்டில் விளைந்தவை.

டைனோசருக்குக் கார்பன் முறையில் வயது சொல்கிறார்கள் என்பதும் தவறு. 50,000 ஆண்டு எல்லையை மேலே பார்த்தோம்.

கார்பன் முறையைச் சந்தேகிப்பவர்கள் பலர், சவக்கடலோரக் குகைகளில் கிடைத்த பழைய ஏடுகளான சவக்கடல் சுருள்களின் பழமையை உறுதியாக நம்புகிறார்கள். நம்புவது சரிதான். முதல் குகையில் சுருள்களைச் சுற்றியிருந்த லினன் துணியை 1950-களின் தொடக்கத்தில் லிப்பியே சோதித்தார். கி.பி. 33, முன்பின்னாக 200 ஆண்டுகள் என்று வந்தது. 1990-களில் தோல் சுருள்களையே நேரடியாகச் சோதித்தபோது, பெரிய ஏசாயா சுருள் கிறிஸ்துவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தையது என்று எழுத்து வடிவத்தை வைத்துச் சொன்னதோடு அது ஒத்துப்போனது. எரிகோவின் கருகிய தானியத்தை அளந்ததும் இதே முறைதான்.